பெர்லின் நாய்ஸ் கொடுத்தும் படகு ஒரே தாளத்தில் ஆடுகிறது, எங்கே தப்பு?

தூரிகை:

வணக்கம். பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் ஒரு சின்னக் காட்சி செய்துகொண்டிருக்கிறேன். அந்தி நேரம், படித்துறையில் கயிற்றால் கட்டிய மரப்படகு, அதன் முனையில் கம்பியில் தொங்கும் ஒரு அரிக்கேன் விளக்கு, அவ்வளவுதான். 20 விநாடி, விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 480 ஃபிரேம். படகு மெல்ல அசைய வேண்டும், 12-வது விநாடியில் காற்று கொஞ்சம் ஏற வேண்டும், 18-க்கு மேல் அடங்க வேண்டும். அப்புறம் முடிவும் தொடக்கமும் ஒட்ட வேண்டும், ஏனென்றால் இது ஒரு திரையில் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடப்போகிறது.

முதலில் கையால் கீ போட்டேன், அதாவது இந்த ஃபிரேமில் படகு இந்த நிலையில் என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். ஐந்து விநாடிவரை நன்றாக இருந்தது, அதற்கு மேல் என் கை தானாகவே பழைய அசைவைத் திரும்பப் போட ஆரம்பித்துவிட்டது. அதனால் கணக்கால் ஒழுங்கற்ற அசைவை உண்டாக்கும் நாய்ஸ் கர்வ் பக்கம் வந்தேன். ஒற்றைப் பரிமாண பெர்லின் நாய்ஸைப் படித்து நானே பைத்தானில் எழுதினேன்: ஒவ்வொரு முழு எண்ணுக்கும் ஒரு சாய்வு, நடுவில் வழுவழுவென்று கலப்பு. ஃபிரேம் எண்ணை அப்படியே உள்ளே கொடுத்தேன். 480 கீயும் 0. ஸ்கிரிப்டில்தான் பிழை என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகு ஃபிரேம் எண்ணை 12-ஆல் வகுத்துக் கொடுத்தேன், அசைவு வந்தது. ஆனால் அரை விநாடிக்கு ஒருமுறை படகு நடுவுக்கு வந்துவிடுகிறது. அசைவை வளைவாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் 12, 24, 36 என்று கோடு போட்டுப் பார்த்தால் கர்வ் சரியாக அந்த இடங்களில் பூஜ்யத்தைக் கடக்கிறது. பார்க்க மூச்சு விடுவதுபோல இருக்கிறதே தவிர தண்ணீர்மேல் கிடப்பதுபோல இல்லை. பக்கவாட்டுச் சாய்வு, முன்பின் சாய்வு, உயரம் மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும் என்று 0, 100, 200 என்று ஆஃப்செட் (தொடக்க எண்) கொடுத்தேன், அப்படியும் மூன்றும் ஒரே ஃபிரேமில் பூஜ்யத்துக்கு வருகின்றன.

காற்றுக்காக வேகத்தை 2-இலிருந்து 4-க்குக் கீ போட்டேன், படகு வெறிபிடித்ததுபோல நடுங்கியது. 10 டிகிரி வீச்சு கொடுத்தால் 5-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. ஒட்டு வேலைக்கு இன்னும் போகவே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஸ்கிரிப்டைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி எழுதவும் தயார்.

கட்டப்புள்ளி:

உங்கள் ஸ்கிரிப்ட் சரியாக இருக்கிறது. முதலில் வந்த அந்த 480 பூஜ்யமே நீங்கள் அதைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள் என்பதற்குச் சான்று.

ஒரு கட்டத்தை, அதாவது இரண்டு முழு எண்களுக்கு நடுவே உள்ள இடத்தை, மட்டும் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3-க்குக் கிடைத்த சாய்வு 0.6, 4-க்குக் கிடைத்தது −0.4 என்று வைத்துக்கொள்வோம். 3.5-இல் இடது பக்கம் தருவது 0.6 × 0.5, அதாவது 0.3. வலது பக்கம் தருவது −0.4 × −0.5, அதாவது 0.2. பாதிக்குப் பாதி கலந்தால் 0.25. சரி, இப்போது 3-இலேயே என்ன? இடது சாய்வைப் பெருக்கும் தூரம் 0, கலப்பும் முழுக்க இடது பக்கமே, எனவே விடை 0. சாய்வு என்னவாக இருந்தாலும் எல்லா முழு எண்ணிலும் இதேதான். ஃபிரேம் எண் எப்போதும் முழு எண், அதனால் நீங்கள் பூஜ்யங்களை மட்டுமே பொறுக்கி எடுத்திருக்கிறீர்கள். 12-ஆல் வகுத்தபோது 12 ஃபிரேமுக்கு ஒருமுறை முழு எண் வந்தது, அதுதான் அந்த மூச்சு. 100, 200 ஆஃப்செட்டும் முழு எண்களே, மூன்று கர்வும் வேறு வேறுதான், ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் கட்டப்புள்ளியை, அதாவது முழு எண்ணை, மிதிக்கின்றன. 5 டிகிரி சங்கதியும் இங்கேயேதான் இருக்கிறது: சாய்வுகள் −1 முதல் 1 வரை என்றால், ஒற்றைப் பரிமாணத்தில் மிக உயர்ந்த மதிப்பு நட்டநடுவில் வரும் 0.5. இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பூஜ்யங்கள் ஏன் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் கோபம் போய்விடும். கென் பெர்லின் 1982-இல் வந்த டிரான் படத்தில் வேலை பார்த்தவர், கணினிப் படங்கள் எல்லாம் இயந்திரம் வார்த்ததுபோல மொழுக்கென்று இருக்கின்றனவே என்ற ஆதங்கத்தில் 1983 வாக்கில் இதை உருவாக்கினார், 1985-இல் சிக்கிராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டுக் கட்டுரையாக வந்தது, 1997-இல் ஆஸ்கார் அகாதமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. அவர் மனதில் இருந்தது பளிங்கு, மேகம் மாதிரி மேற்பரப்புகள். கட்டப்புள்ளிதோறும் பூஜ்யம் என்பதால் நாய்ஸ் எந்தப் பக்கமும் நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு போகாது, மேடு பள்ளங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். மேற்பரப்பில் அந்தப் பூஜ்யங்கள் அங்கங்கே சிதறிய புள்ளிகள், சுற்றிலும் வேறு மதிப்புகள் நிறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. காலம் ஒற்றைக் கோடு, சுற்றிப் போக வழியில்லை, எல்லாப் பூஜ்யத்தையும் மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் அது தாளமாகக் காதில் விழுவதுபோலக் கண்ணில் விழுகிறது.

செய்ய வேண்டியது: இரட்டைப் பரிமாண நாய்ஸ் எழுதி, அதன்மேல் சாய்வான கோட்டில் நடங்கள். காலத்தை 0.819-ஆல் பெருக்கி எக்ஸ், 0.574-ஆல் பெருக்கி ஒய் (35 டிகிரிக் கோடு, நீளம் மாறாது, ஆகவே வேகமும் மாறாது). தொடக்கத்தில் 0.37, 0.71 மாதிரி பின்ன எண்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சானலுக்கும் (இரண்டு சாய்வுகள், உயரம்) வேறு தொடக்கம். ஆனால் 256 கட்டம் தள்ளி வைத்துவிடாதீர்கள், வழக்கமான பெர்லின் நாய்ஸ் சாய்வுகளை எடுக்கும் அட்டவணையில் 256 இடங்கள்தான், அதைத் தாண்டினால் அதே நாய்ஸ் மறுபடி வரும்.

ஆக்டேவ், அதாவது அதே நாய்ஸின் இன்னும் வேகமான, சின்ன அடுக்கு, சேர்ப்பதாக இருந்தால் இரட்டிப்பு சரியாக 2 வேண்டாம். ஒற்றைப் பரிமாணத்தில் 1, 2, 4 என்று போனால் எல்லா ஆக்டேவின் பூஜ்யமும் முழு எண்ணில் ஒன்றாகக் குவியும். 1.93 என்று வையுங்கள், இரட்டைப் பரிமாணத்திலும் அது நல்ல பழக்கமே. எத்தனை ஆக்டேவ் என்பதற்கும் வரம்பு உண்டு. உங்கள் விநாடிக்கு 2 கட்டம் வேகத்தில் ஒரு கட்டத்துக்கு 12 ஃபிரேம், இரட்டித்தால் 6, அப்புறம் 3, அப்புறம் ஒன்றரை. ஒன்றரை ஃபிரேமில் ஒரு மேடு பள்ளத்தைக் காட்டவே முடியாது, அங்கே கிடைப்பது வளைவு இல்லை, வெறும் பற்கள். படகுக்கு இரண்டு ஆக்டேவ் தாராளம்.

ஒன்று விட்டுப்போனது. கலப்பு வளைவு எது போட்டீர்கள்? கட்டத்துக்குள் இருக்கும் தூரத்தை த என்று வைத்தால், பழையது 3த² − 2த³. அதில் வேகம் தொடர்ச்சியாக இருக்கும், முடுக்கம் கட்டப்புள்ளியில் சடாரென்று தாவும். 2002-இல் பெர்லினே அதை 6த⁵ − 15த⁴ + 10த³ என்று மாற்றினார், இதில் அந்தத் தாவல் கிடையாது. படகுக்கு மட்டும் என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்கூடப் போகும். ஆனால் உங்கள் விளக்கு தொங்குகிறதே, அது படகின் முடுக்கத்தைத்தான் உணரும். அதனால் புதியதையே போடுங்கள்.

நள்ளிரவு ரெண்டர்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் காற்று விஷயத்துக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் இதே இடத்தில் நான் ஒரு முழு ஷாட்டை இழந்திருக்கிறேன்.

நீங்கள் கொடுப்பது நாய்ஸ்(நேரம் × வேகம்) தானே? 12-வது விநாடியில் வேகம் 2, உள்ளே போகும் எண் 24. 14-வது விநாடியில் வேகம் 4, உள்ளே போகும் எண் 56. இரண்டு விநாடியில் 32 கட்டம் ஓடியிருக்கிறீர்கள், ஓட வேண்டியதோ வெறும் 6. வேகத்தைத் திருப்பிக் குறைத்துப் பாருங்கள், இன்னும் விபரீதம்: 16-இல் வேகம் 4 என்றால் 64, 18-இல் வேகம் 2 என்றால் 36. கர்வ் பின்னோக்கி ஓடும்! படகு வந்த வழியே படுவேகமாகத் திரும்பப் போகும். காட்சி எவ்வளவு தள்ளி நடக்கிறதோ அவ்வளவு மோசமாகும், முதல் விநாடியில் இதே கீயைப் போட்டிருந்தால் உங்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் விகிள் என்ற தானியங்கி நடுக்கத்தைப் போட்டு அலைவெண்ணுக்குக் கீ வைப்பவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

வேகத்தால் பெருக்காதீர்கள், வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். "நடந்த தூரம்" என்று ஒரு எண்ணை வைத்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் அதோடு வேகம் ÷ 24-ஐக் கூட்டுங்கள், நாய்ஸுக்குள் அந்தத் தூரத்தைக் கொடுங்கள். வேகம் கூடினால் நடை கூடும், குறைந்தால் குறையும், பின்னால் போகவே போகாது.

கூட்டல் முறையில் ஒரு பொறுப்பு இருக்கிறது. 300-வது ஃபிரேமின் மதிப்பு வேண்டுமென்றால் 1-இலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாக வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஸ்டூடியோவில் மரங்கள் அசையும் ஷாட் ஒன்றை ரெண்டருக்கு (ஃபிரேம்களைப் படங்களாகக் கணக்கிடும் வேலைக்கு) அனுப்பினேன், ஃபிரேம்களைத் துண்டு போட்டு வெவ்வேறு இயந்திரங்களுக்குக் கொடுத்தார்கள், ஒவ்வொன்றும் தனக்கு வந்த முதல் ஃபிரேமிலிருந்து பூஜ்யமாகக் கூட்டத் தொடங்கியது. காலையில் வந்து பார்த்தால் துண்டுக்குத் துண்டு கிளைகள் எகிறிக் குதிக்கின்றன. அன்றிலிருந்து கூட்டல் வைத்த எதையும் கீயாக பேக் செய்யாமல், அதாவது ஒவ்வொரு ஃபிரேமின் மதிப்பையும் கீயாகப் பதித்து வைக்காமல், நான் ரெண்டருக்கு அனுப்பியதே இல்லை.

ஒட்டு வேலையையும் இதோடு முடித்துவிடலாம். சாய்கோட்டுக்குப் பதிலாக இரட்டைப் பரிமாண நாய்ஸ்மேல் ஒரு வட்டத்தில் நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள், அங்கே மதிப்பும் வேகமும் தானாகவே பொருந்தும். வட்டம் எவ்வளவு பெரிது என்பதை மொத்தத் தூரம் சொல்லும். படகுக்கு 2 கட்டம் மிக அதிகம் என்பது என் அபிப்பிராயம், அமைதியான நேரத்தில் 0.45 வையுங்கள், காற்றில் 0.9. முதல் 12 விநாடியில் 5.4 கட்டம், ஏறும் 2 விநாடியில் 1.35, உச்சத்தில் 4 விநாடிக்கு 3.6, இறங்கும் 2 விநாடியில் 1.35. மொத்தம் 11.7. அதுதான் சுற்றளவு, 6.283-ஆல் வகுத்தால் ஆரம் 1.86. ஒவ்வொரு ஃபிரேமின் கோணமும் நடந்த தூரம் ÷ 11.7 × 360 டிகிரி. மூன்று சானலுக்கும் மூன்று மையங்கள், வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத அளவுக்குத் தள்ளி வையுங்கள். 481-வது ஃபிரேம்தான் 1-வது ஃபிரேமுக்குச் சமம், 480 இல்லை. இதைத் தப்பாக வைத்தால் ஒரு ஃபிரேம் இரண்டு முறை வரும், நாள் முழுக்க ஓடும் திரையில் 20 விநாடிக்கு ஒரு தடுக்கல்.

ஸ்கிரிப்டே வேண்டாம் என்பவர்களுக்கு: பிளெண்டரிலேயே கிராஃப் எடிட்டரின் பக்கப் பலகையில் மாடிஃபையர் பகுதியில் நாய்ஸ் இருக்கிறது. ஸ்கேல் கூடினால் அசைவு மெதுவாகும், ஸ்ட்ரெங்த் வீச்சு, ஃபேஸ் எண்ணை மட்டும் சானலுக்குச் சானல் மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றாக ஆடும். சாதாரணக் கேமரா நடுக்கத்துக்கு அது போதும். உங்கள் ஒட்டுக்கும் காற்றுக்கும் போதாது.

படகுத்துறை:

நான் நிரல் எழுதுகிறவன் இல்லை, அனிமேட்டர். கணக்கு எல்லாம் சரியாக வந்த பிறகும் படகு படகாகத் தெரியாது என்று தோன்றுகிறது, அதனால் எழுதுகிறேன்.

கட்டிய படகு இரண்டு பக்கமும் ஒரேபோல ஆடாது. துறையை விட்டு விலகும்போது கயிறு மெல்ல மெல்ல இழுபடும், ஒரு கட்டத்தில் விறைத்து நிற்கும், படகின் மூக்கு லேசாக வெட்டித் திரும்பும், கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டும். துறைப் பக்கம் திரும்பி வரும்போது அப்படி எதுவும் இல்லை, சோம்பேறித்தனமாக மிதந்து வரும். நாய்ஸ் மேலும் கீழும் ஒரே குணம் உடையது, அதை அப்படியே போட்டால் படகு அவிழ்ந்து கிடப்பதுபோலத்தான் இருக்கும், கயிறு வெறும் அலங்காரமாகிவிடும். கயிற்றுப் பக்க மதிப்புகளை ஓர் எல்லைக்கு மேல் அழுத்துங்கள், 6 டிகிரி வரவேண்டிய இடத்தில் 4-க்கு அருகில் விறைத்து நிற்கட்டும். நீங்கள் மாடல் செய்திருக்கும் கயிறு அந்தக் கணம்தான் உயிர் பெறும்.

மூன்று சானலையும் முழுக்கத் தனித்தனியாக ஆக்குவதும் தப்பு. முன்பின் சாய்வையும் உயரத்தையும் உண்டாக்குவது ஒரே அலை. அலை வந்தால் முதலில் முனை தூக்கும், அப்புறம்தான் முழுப் படகும் எழும். அதனால் இரண்டுக்கும் ஒரே நாய்ஸ் கொடுத்து உயரத்தை 6, 7 ஃபிரேம் தாமதப்படுத்துங்கள், அதன்மேல் மூன்றில் ஒரு பங்கு சொந்த நாய்ஸ் சேருங்கள். பக்கவாட்டுச் சாய்வு வேறு கதை. ஒவ்வொரு படகுக்கும் அதன் அகலத்துக்கும் பாரத்துக்கும் ஏற்ப ஒரு சொந்த ஆட்டம் உண்டு. உங்கள் சின்னப் படகுக்கு இரண்டரை விநாடிக்கு ஒரு ஆட்டம் என்று சைன் அலையாக வைத்து (20 விநாடியில் சரியாக 8 முறை, ஒட்டும் கெடாது), அது எவ்வளவு பெரிதாக ஆடுகிறது என்பதை மட்டும் நாய்ஸிடம் விடுங்கள். வேகத்தையும் நாய்ஸிடம் கொடுத்தால் படகின் எடை போய்விடும், காகிதக் கப்பல் மாதிரி ஆகிவிடும்.

விளக்குக்குத் தயவுசெய்து நாய்ஸ் போடாதீர்கள். அது ஊசல். கம்பி 25 சென்டிமீட்டர் என்றால் ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 1 விநாடி, அதாவது 24 ஃபிரேம். படகு அசைந்த பிறகு அது பின்தொடர வேண்டும், படகு நின்ற பிறகும் கொஞ்சம் ஆட வேண்டும். சுடருக்கு நாய்ஸ் போடலாம், ஆனால் அதுவும் ஒருபக்கமாக: சுடர் பெரும்பாலும் முழு வெளிச்சத்தில் நிற்கும், எப்போதாவது குன்றி எழும். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் அரிக்கேன் சுடர் திறந்த அகல் மாதிரி படபடக்காது, அதற்காகத்தானே கூண்டு.

கட்டப்புள்ளி:

கயிறு பற்றிச் சொன்னது அருமை. விளக்கை ஊசலாகக் கணக்கிட்டால் ஒட்டு என்னாகும் என்று கவலைப்படாதீர்கள். ஆட்டம் தானாகத் தணியும்படி உராய்வு வைத்து, 480 ஃபிரேமையும் இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து ஓட்டி, கடைசிச் சுற்றை மட்டும் எடுங்கள். ஆரம்பத்தில் எப்படி விட்டீர்கள் என்பதை அது அதற்குள் மறந்திருக்கும், படகு திரும்பத் திரும்ப ஒன்றையே செய்வதால் விளக்கும் அதே சுற்றில் வந்து நிற்கும்.

தூரிகை:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து முழுவதையும் திருப்பி எழுதினேன். வட்டம், நடந்த தூரம், 0.45-இலிருந்து 0.9, புதிய கலப்பு வளைவு, உயரத்துக்கு 7 ஃபிரேம் தாமதம், பக்கவாட்டுக்கு சைன், எல்லாம் வைத்தாயிற்று. மூச்சு விடுவது முற்றாகப் போய்விட்டது. காற்று ஏறும் இடத்தில் இப்போது எங்கே ஏறியது என்று எனக்கே காட்டத் தெரியவில்லை, ஆனால் ஏறியிருப்பது தெரிகிறது.

ஒரே ஒரு பாக்கி. வியூபோர்ட்டில் (வேலை செய்யும் முன்னோட்டச் சாளரத்தில்) ஒட்டு சுத்தமாக இருக்கிறது. பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் ரெண்டர் செய்தால் 480-க்கும் 1-க்கும் நடுவில் விளக்கு லேசாகக் கூர்மையாகி மறுபடி மங்குகிறது. கீ 1 முதல் 480 வரை ஃபிரேமுக்கு ஒன்று.

நள்ளிரவு ரெண்டர்:

மோஷன் பிளர், அதாவது அசைவால் வரும் மங்கல். ஷட்டர் 0.5, ஃபிரேமின் நடுவில் என்ற வழக்கமான அமைப்பில் 1-வது ஃபிரேமுக்கு அது 0.75 முதல் 1.25 வரை பார்க்கும். 1-க்கு முன்னால் உங்களிடம் கீ இல்லை, அங்கே விளக்கு அசையாமல் நிற்கிறது, பாதி மங்கல்தான் கிடைக்கிறது. 480-க்குப் பின்னாலும் அதே கதை. வட்டத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் கூடுதலாக நடந்து −3 முதல் 484 வரை பேக் செய்யுங்கள், ரெண்டர் மட்டும் 1 முதல் 480.

தூரிகை:

செய்தேன், போய்விட்டது. நாற்பது முறையாவது ஓடவிட்டுப் பார்த்திருப்பேன், எங்கே ஒட்டினேன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கயிற்றுப் பக்கம் 4 டிகிரிக்கு அருகில் அழுத்தினேன், 15-வது விநாடிக்குப் பக்கத்தில் கயிறு ஒருமுறை விறைக்கிறது, விளக்கு அரை விநாடி கழித்து அந்த வெட்டை வாங்கிக்கொண்டு ஆடுகிறது. அந்த இடத்தில் கயிற்றிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விழ வைத்திருக்கிறேன், அவற்றை மட்டும் கையால் கீ போட்டேன்.